ஹாம்ட்ராமிக்: ஒரு சிற்றூரும் ‘வெள்ளையர்’ என்ற கட்டமும்

அமெரிக்காவின் எந்தச் சிற்றூரைப் பற்றித் தேடினாலும் ஒரு சதவீத வரிசை கண்ணில் படும். இத்தனை சதவீதம் வெள்ளையர், இத்தனை கறுப்பினத்தவர், இத்தனை ஆசியர், அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட இனம் குறித்தவர்கள், கடைசியில் தனி வாக்கியமாக ஹிஸ்பானிக் எனப்படும் ஸ்பானிய மரபு மக்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராமிக் நகருக்கு 2010 சென்சஸ் தந்த வரிசை இது: வெள்ளையர் 53.6%, ஆசியர் 21.5%, கறுப்பினத்தவர் 19.3%, ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் 4.5%. மற்றவை ஒரு சதவீதத்துக்கும் கீழே. மொத்த மக்கள்தொகை 22,423.

இதை மட்டும் படித்தால் என்ன தோன்றும்? பாதிக்குச் சற்று மேல் வெள்ளையர் வாழும், ஓரளவு கலப்பான ஒரு ஊர். பெரிதாக வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே ஊர் 2015 நவம்பரில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் நகர மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. 2021 தேர்தலுக்குப் பிறகு ஆறு உறுப்பினர்களும் மேயரும் முஸ்லிம்கள். அப்போது மேயரான அமீர் காலிப் யேமனில் பிறந்து பதின்ம வயதில் அமெரிக்கா வந்தவர். சென்சஸ் படிவத்தின் கணக்குப்படி அவர் ‘வெள்ளையர்’. அவருக்கு முன்பு ஏறக்குறைய நூறு வருடம் அந்த நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்த போலந்து வம்சாவளி மேயர்களும் ‘வெள்ளையர்’. ஊரில் அதிகாரம் ஒரு சமூகத்திடமிருந்து இன்னொரு சமூகத்துக்குக் கைமாறியிருக்கிறது. சதவீத வரிசையில் அதற்கு ஒரு தடயமும் இல்லை.

சிற்றூர்களின் இன விகிதங்களை வாசிக்கும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த எண்களில் இரண்டு வரலாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. யார் வந்தார்கள், யாரை வரவிடவில்லை, யாரை விரட்டினார்கள் என்பது ஒன்று. வந்தவர்களை எந்தக் கட்டத்தில் டிக் போட வைத்தார்கள் என்பது இன்னொன்று. ஹாம்ட்ராமிக்கில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிறது, அதனால்தான் இந்த ஊர்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹாம்ட்ராமிக் தனி ஊர்தான், ஆனால் சுற்றிலும் டெட்ராய்ட். ஒரு பக்கத்தில் மட்டும் ஹைலண்ட் பார்க் என்ற இன்னொரு சிறு நகரம் தொட்டுக்கொண்டிருக்கிறது. பரப்பளவு 5.4 சதுர கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். 1901-ல் கிராம அந்தஸ்து, 1922-ல் நகர அந்தஸ்து. பெயர் கியூபெக்கில் பிறந்த ஒரு படை அதிகாரியுடையது. தொடக்கத்தில் இங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மானிய விவசாயிகள். அவர்கள் கதை 1910-ல் முடிந்தது என்றே சொல்லலாம், ஏனென்றால் அந்த வருடம் டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் கார் தொழிற்சாலையை இங்கே திறந்தார்கள்.

1910-ல் ஊரின் மக்கள்தொகை 3,559. 1920-ல் 48,615. பத்தே வருடத்தில் பதின்மூன்று மடங்குக்கு மேல். 1930-ல் 56,268 ஆகி உச்சத்தைத் தொட்டது. இன்றைக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு மக்கள் அதே ஐந்து சதுர கிலோமீட்டரில் வாழ்ந்திருக்கிறார்கள். குறுகலான மனைகளில், முன்னும் பின்னும் நீண்ட, மாடியில் ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பம் என்று இருக்கும் மரவீடுகள் அந்தக் காலத்தில் எழுந்தவை. இன்று யேமனியரும் வங்காளியரும் குடியிருப்பது அதே வீடுகளில்தான்.

வந்தவர்களில் பெரும்பான்மையினர் போலந்துக்காரர்கள். இங்கே ஒரு வேடிக்கை. 1910-ல் போலந்து என்ற நாடே உலக வரைபடத்தில் கிடையாது. அதை ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. பிறந்த நாடு எது என்று மட்டும் கேட்டால் இவர்கள் ரஷ்யர்களாகவும் ஜெர்மானியர்களாகவும் ஆஸ்திரியர்களாகவும் சிதறிப்போவார்கள். குடியேறிகளின் தாய்மொழி என்ன என்ற கேள்வியை 1910 சென்சஸில் சேர்த்தார்கள். அப்போதுதான் இவர்கள் ஒரு கூட்டமாகக் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆக, கட்டம் மாறினால் ஒரு சமூகம் தோன்றவும் மறையவும் செய்யும் என்பதை இந்த ஊர் தன் முதல் தலைமுறையிலேயே பார்த்துவிட்டது.

அன்றைக்கு இவர்களை யாரும் கொண்டாடி வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கர்கள், ஏழைகள், ஆங்கிலம் தெரியாதவர்கள், பெரிய குடும்பக்காரர்கள் என்று அன்று போலந்துக்காரர்கள் மேல் வைக்கப்பட்ட குறைகளில், மதத்தின் பெயரை மாற்றிவிட்டால் மிச்சமெல்லாம் இன்று யேமனியர் மேல் வைக்கப்படுவதுதான். 1924-ன் குடிவரவுச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கீடு வைத்தது. அதற்கு அடிப்படை, 1890 சென்சஸில் அந்த நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தார்கள் என்பதில் 2%. 1924-ல் சட்டம் போடுகிறவர்கள் 1920 கணக்கை விட்டுவிட்டு 34 வருடம் பழைய கணக்கை எடுத்ததற்குக் காரணம் எளிது: கிழக்கு, தெற்கு ஐரோப்பியர்கள் கூட்டமாக வந்தது பெரும்பாலும் 1890-க்குப் பிறகு. சென்சஸ் மக்களை எண்ணுவதோடு நிற்பதில்லை. எந்த வருடத்து எண் என்று தேர்ந்தெடுப்பதன் மூலமே யார் வரலாம் என்பதைத் தீர்மானிக்க முடியும்.

கதவு சாத்தப்பட்டது. ஆனால் வந்தவர்கள் ஊன்றிவிட்டார்கள். தேவாலயங்கள், போலிஷ் மொழிப் பள்ளிகள், இறைச்சிக் கடைகள், மதுக்கூடங்கள், தொழிற்சங்கம். நகரத்தின் முதல் மேயர் பீட்டர் ஜெசெவ்ஸ்கி மதுவிலக்குக் காலத்தில் சாராய வழக்கில் சிறைக்குப் போனார். ஊருக்கு அதனால் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. 1987-ல் போப் இரண்டாம் ஜான் பால் இந்தச் சின்ன ஊருக்கு வந்து போனார். அவர் கார்டினலாக இருந்தபோதே, 1969-ல், ஒருமுறை வந்திருக்கிறார்.

இதுவரை சொன்னது எல்லாரும் விரும்பிச் சொல்லும் கதை. ஏழைக் குடியேறிகள் வந்தார்கள், உழைத்தார்கள், ஊரை உருவாக்கினார்கள். அந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போவது 19.3% என்ற எண்.

கறுப்பின மக்கள் ஹாம்ட்ராமிக்குக்குப் புதிதாக வந்தவர்கள் அல்லர். தொழிற்சாலை வந்த காலத்திலிருந்தே அவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் 1950-களிலும் 60-களிலும் நகர நிர்வாகம் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் எடுத்த திட்டங்களும், ஊரை ஒட்டிப் போட்ட ஐ-75 நெடுஞ்சாலையும் குறிவைத்த தெருக்கள் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்தவை. வீடுகள் இடிக்கப்பட்டன. போனவர்களுக்கு ஊருக்குள் மாற்று வீடு தரப்படவில்லை. டெட்ராய்ட் சுற்றிலும் இருந்ததால், ஊரை விட்டுப் போ என்று யாரும் வாயால் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தெரு முனையைத் தாண்டினால் அது வேறு நகரம், வேறு கணக்கு.

1968-ல் சாரா சிம்ஸ் காரெட் என்ற பெண்மணியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1971-ல் நீதிபதி டேமன் கீத், நகரம் கறுப்பின மக்களைத் திட்டமிட்டு அகற்றியது என்று தீர்ப்பளித்தார். இழந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் ஏறக்குறைய 200 வீடுகள் கட்டித்தர வேண்டும் என்று முடிவானது. மேல்முறையீடு, நிதியில்லை, மனமில்லை என்று இழுத்து, கடைசி வீடு கட்டி முடிந்தது 2010-ல். வழக்குப் போட்ட தலைமுறையில் பலர் அதைப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் வீட்டுவசதிப் பாகுபாட்டு வழக்குகளில் இவ்வளவு நீண்டவை அதிகமில்லை.

இந்த வழக்கை நான் இங்கே நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஊரின் இன விகிதம் என்பது மழை வெயில் மாதிரி தானாக அமைந்த ஒன்று என்ற எண்ணம் நமக்குள் இருக்கிறது. ‘அந்த ஊரில் அவர்கள் கொஞ்சம் பேர்தான்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஹாம்ட்ராமிக்கில் ஒரு சமூகம் ஒரு காலத்தில் குறைந்தது தற்செயல் அல்ல, அது ஒரு நகர நிர்வாகத்தின் செயல் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எத்தனையோ ஊர்களில் இது நடந்திருக்கும். வழக்குப் போட ஆள் இல்லாத ஊர்களின் சதவீதங்கள் கேள்வி கேட்பாரில்லாமல் நிற்கின்றன.

இத்தனைக்கும் அதே காலத்தில் டாட்ஜ் மெயின் தொழிற்சாலைக்குள் கறுப்பினத் தொழிலாளர்கள் ஏராளம். 1968 மே மாதம் அங்கே நடந்த ஒரு வேலைநிறுத்தத்திலிருந்து ‘ட்ரம்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட புரட்சிகரத் தொழிலாளர் இயக்கம் பிறந்தது. தொழிற்சாலை நிர்வாகத்தை மட்டுமல்ல, வெள்ளையர் கையில் இருந்த தொழிற்சங்கத் தலைமையையும் அது எதிர்த்தது. வேலைக்கு வரலாம், குடியிருக்க வேண்டாம் என்ற நிலை. பகலில் ஊருக்குள் இருப்பவர்களைச் சென்சஸ் கணக்கெடுப்பதில்லை, இரவு எங்கே தூங்குகிறார்கள் என்பதுதான் அதற்கு முக்கியம்.

யேமனியர்களும் அதே தொழிற்சாலை வழியாகவே ஊருக்குள் வந்தார்கள். 1960-களிலும் 70-களிலும் தனி ஆண்களாக வந்து, வாடகை வீட்டில் பலர் சேர்ந்து தங்கி, சம்பளத்தை ஊருக்கு அனுப்பினார்கள். வளைகுடாவுக்குப் போன நம் ஊர்க்காரர்களின் முதல் தலைமுறை வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1973 நவம்பரில் தங்கள் சங்கம் இஸ்ரேல் அரசின் கடன்பத்திரங்களில் பணம் போட்டதை எதிர்த்து அரபுத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். டாட்ஜ் மெயினில் உற்பத்தி வரிசை ஒன்று அன்று நின்றது. அவர்கள் எண்ணிக்கையில் அவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். சென்சஸ் அட்டவணையில் அவர்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் இரண்டாவது வரலாறு வருகிறது.

1790-ல் போட்ட அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதி ‘சுதந்திரமான வெள்ளையர்’ என்றது. யார் வெள்ளையர் என்று அது சொல்லவில்லை. அதன் விளைவாகப் பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் அந்தக் கேள்வி ஓடியது. சிரியாவிலிருந்து வந்த ஜார்ஜ் டவ் என்பவருக்கு 1915-ல் மேல்முறையீட்டில் வெள்ளையர் என்று தீர்ப்பு. பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திண்ட் தானும் காக்கேசிய இனம், ஆகவே வெள்ளையர் என்று வாதாடினார். 1923-ல் உச்ச நீதிமன்றம், விஞ்ஞானம் எப்படிப் பிரித்தாலும் சரி, சாதாரண மனிதன் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் நீ வெள்ளையன் இல்லை என்று அனுப்பிவிட்டது.

ஹாம்ட்ராமிக்குக்கு மிக அருகில் நடந்தது 1942-ன் அகமது ஹசன் வழக்கு. மிச்சிகன் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் குடியுரிமை கேட்ட யேமனியர் அவர். நீதிபதி மறுத்தார். யேமனியரின் கருத்த தோலையும், அவர்கள் முஸ்லிம்கள் என்பதையும், ஐரோப்பாவின் கிறிஸ்தவ மக்களிடமிருந்து அவர்கள் பண்பாட்டளவில் வெகுதூரத்தில் இருப்பதையும் காரணமாகச் சொன்னார். இரண்டே வருடம் கழித்து மாசசூசெட்ஸில் இன்னொரு நீதிபதி ஒரு அரேபியரை வெள்ளையர் என்று ஏற்றுக் குடியுரிமை கொடுத்தார். 1952-ல் இனத் தகுதி என்பதே குடியுரிமைச் சட்டத்திலிருந்து நீங்கியது. வழக்குகள் ஓய்ந்தன. ஆனால் அரபு மக்கள் வெள்ளையர் என்ற வகைப்பாடு மட்டும் அரசுக் கணக்குகளில் தங்கிவிட்டது. 1977-ல் மத்திய அரசு எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக இன வகைகளை வரையறுத்தபோது, ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு ஆகிய பகுதிகளின் பூர்வகுடிகள் அனைவரும் வெள்ளையர் என்று எழுதிவைத்தது.

ஒரு காலத்தில் அந்தப் பட்டம் குடியுரிமைக்கான சாவி. அதற்காக வழக்காடினார்கள். பிறகு சிறுபான்மையினருக்கான திட்டங்கள், பாகுபாட்டுக் கணக்குகள், நிதி ஒதுக்கீடுகள் என்று காலம் மாறியதும் அதே பட்டம் அவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது.

நாமும் இந்தக் கட்டங்களுக்குள் உருண்டு வந்தவர்கள்தான். 1920 முதல் 1940 வரை அமெரிக்க சென்சஸில் இந்தியர்கள் அனைவருக்கும் ‘ஹிந்து’ என்பது இனப் பெயர். சீக்கியரும் முஸ்லிமும்கூட அந்தக் கட்டத்தில்தான். 1970-ல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். இந்திய அமைப்புகள் வலியுறுத்தியதால் 1980-ல் ‘ஆசிய இந்தியர்’ என்ற தனிக் கட்டம் வந்தது. அரைநூற்றாண்டுக்கும் சற்று அதிகமான காலத்தில் ஹிந்து, வெள்ளையர், ஆசியர் என்று மூன்று வேடம். தோல் நிறம் அதேதான்.

சரி, ஊருக்குத் திரும்புவோம். 1980 ஜனவரியில் டாட்ஜ் மெயின் மூடப்பட்டது. போலந்துக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை ஏற்கெனவே புறநகர்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை இருந்த இடத்தையும் பக்கத்து டெட்ராய்டின் ‘போல்டவுன்’ பகுதியையும் சேர்த்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் புது ஆலை கட்டக் கொடுத்தார்கள். அதற்காக 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அந்த நிலம் எடுத்ததை மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1981-ல் சரி என்றது. 2004-ல் வேறொரு வழக்கில், அன்று சொன்னது தவறு என்று தானே திருத்திக்கொண்டது. இடித்த வீடுகள் திரும்பி வரவில்லை. 1990-ல் ஹாம்ட்ராமிக்கின் மக்கள்தொகை 18,372. உச்சத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு.

வாடகை மலிவான, வீடுகள் நெருக்கமான, கடைக்கும் தொழுகைக்கும் நடந்தே போகக்கூடிய ஊர். காரில்லாமல் அமெரிக்காவில் வாழ முடியும் என்றால் இப்படிப்பட்ட ஊரில்தான் முடியும். புதிதாக வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? போர்க்காலத்து யூகோஸ்லாவியாவிலிருந்து 1990-களில் போஸ்னியர்கள் வந்தார்கள். அல்பேனியர்கள் வந்தார்கள். யேமனியர்கள் மனைவி மக்களை வரவழைத்தார்கள். பெரிய அலை வங்கதேசத்திலிருந்து, அதிலும் சில்ஹெட் பகுதியினர். இவர்களில் பலர் நேராக இங்கே வந்தவர்கள் அல்லர். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் சில வருடங்கள் இருந்துவிட்டு, அங்கே வாடகை ஏறியதும், ‘அங்கே ஒரு அறைக்குக் கொடுக்கிற பணத்தில் இங்கே வீடே வாங்கலாம்’ என்ற பேச்சைக் கேட்டு வந்தவர்கள். அமெரிக்கா 1990-ல் சட்டமாக்கிய விசா குலுக்கல் திட்டம் வங்கதேசத்தவர்களுக்குப் பெரிய வாசலாக இருந்தது. அதன் வழியாகவும் குடும்ப விசா வழியாகவும் வந்தவர்கள் பெருகியதால் பிற்பாடு அந்த நாடு குலுக்கல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

கோனன்ட் சாலையில் இப்போது புடவைக் கடை, மீன் கடை, இனிப்புக் கடை எல்லாம் உண்டு. அதன் ஒரு பகுதிக்கு ‘பங்களாதேஷ் அவென்யூ’ என்று கௌரவப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். 2000-ல் ஊரில் ஆசியர் 10% சொச்சம். 2010-ல் 21.5%. ஆசியர் என்றால் இங்கே பெரும்பாலும் வங்காளி. இதே மிச்சிகனில் அரைமணி நேரக் கார்த் தொலைவில் நோவை, டிராய் போன்ற புறநகர்களிலும் ஆசியர் விகிதம் அதிகம். அங்கே ஆசியர் என்றால் கார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இந்திய, சீன, ஜப்பானியப் பொறியாளர்கள். தமிழர்களும் அதில் கணிசம். ஒரே கட்டம், ஒரே பெயர். ஒரு பக்கம் மாநிலத்தின் ஏழை நகரங்களில் ஒன்று, மறுபக்கம் நல்ல பள்ளிக்கூடங்களுக்காக வீட்டு விலை ஏறிய ஊர்கள். ‘ஆசியர்களின் சராசரி வருமானம்’ என்று ஒரு எண்ணை யாராவது நீட்டினால் எந்த ஊர் ஆசியர் என்று கேட்பது நல்லது.

உள்ளூர் அரசியலில் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடவில்லை. 1999 தேர்தலில் ஒரு உள்ளூர்க் குழு வாக்குச்சாவடிகளில் நின்றுகொண்டு, அரபுப் பெயரும் கருத்த தோலும் கொண்ட வாக்காளர்களின் குடியுரிமையைக் கேள்விக்குள்ளாக்கியது. 40-க்கும் மேற்பட்டவர்கள், சிலர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தும், நான் அமெரிக்கக் குடிமகன் என்று சத்தியம் செய்த பிறகே வாக்களிக்க விடப்பட்டார்கள். மத்திய நீதித்துறை தலையிட்டு 2000-ல் நகரத்தை ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தது. படிவத்தில் வெள்ளையர் என்று எழுதப்பட்ட யேமனியர், வாக்குச்சாவடி வாசலில் அப்படி நடத்தப்படவில்லை. நல்ல வேளையாக, படிவம் அவர்களை என்னவென்று சொல்கிறது என்பதைச் சட்டம் அன்று பார்க்கவில்லை, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தது.

2004-ல் பாங்கு விவகாரம். வங்கதேசத்தவர்களின் அல்-இஸ்லாஹ் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி கேட்டது. நகர மன்றம் ஒலிக் கட்டுப்பாட்டு விதியைத் திருத்தி அனுமதித்தது. எதிர்ப்பாளர்கள் அதை நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் அனுமதி நிலைத்தது, ஆனால் வித்தியாசம் சில நூறு வாக்குகள்தான். தேவாலய மணி அடிக்கலாம், பாங்கு கூடாதா என்று கேட்ட போலந்துக் கத்தோலிக்கர்களும் அன்று இருந்தார்கள்.

‘அமெரிக்காவின் முதல் முஸ்லிம் பெரும்பான்மை நகரம்’ என்று ஊடகங்கள் இந்த ஊரை அழைப்பதைப் படித்திருப்பீர்கள். அதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்க சென்சஸ் மதத்தைக் கேட்பதில்லை. யாரையும் மதத்தைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976-ன் சட்டம் சொல்கிறது. படிவத்தில் மதமும் தாய்மொழியும் தவறாமல் இருக்கும் இந்தியாவிலிருந்து பார்க்கும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். எனவே முஸ்லிம் பெரும்பான்மை என்பது மதிப்பீடு. பிறந்த நாடு, வீட்டில் பேசும் மொழி, வம்சாவளி, வாக்காளர் பட்டியல் பெயர்கள் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம், ஆனால் அது எண்ணி எடுத்த எண் அல்ல.

வம்சாவளி எண்களும் அப்படியே. போலந்து வம்சாவளி இத்தனை, யேமன் வம்சாவளி இத்தனை என்று படிக்கும் விகிதங்கள் பத்தாண்டு சென்சஸிலிருந்து வருவதில்லை, ஆண்டுதோறும் சில வீடுகளை மட்டும் கேட்கும் மாதிரி ஆய்விலிருந்து வருகின்றன. 65,000-க்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு ஐந்து வருட மாதிரிகளைச் சேர்த்துத்தான் எண் தருகிறார்கள். சிற்றூருக்குப் பிழை வரம்பு பெரிது. அரபு 25% என்று போட்டிருந்தால் அது இருபதாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, 2020 சென்சஸிலிருந்து தனிநபர் அடையாளம் வெளிப்படாமல் இருக்க, சிறு பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே சின்னச் சின்ன மாற்றங்களைக் கலக்கிறார்கள். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதப்பட்ட சிற்றூர் விகிதத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

2020-ல் ஊரின் மக்கள்தொகை 28,433. பத்து வருடத்தில் கால் பங்குக்கு மேல் உயர்வு. அதிகம் வளராத மிச்சிகனில், அதுவும் டெட்ராய்ட் மேலும் சுருங்கிய அதே பத்தாண்டில். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 5,000-க்கும் மேற்பட்டவர்கள். மாநிலத்தில் இதைவிட நெருக்கமான நகரம் இல்லை. 2022 ஜனவரியில் பதவியேற்ற நகர மன்றத்தில் மூன்று பேர் யேமனி, இரண்டு பேர் வங்காளி, ஒருவர் போலந்து வம்சாவளியில் பிறந்து இஸ்லாமைத் தழுவிய பெண். பழைய ஹாம்ட்ராமிக், புதிய ஹாம்ட்ராமிக் என்று கோடு கிழிப்பவர்களுக்கு அந்தக் கடைசி உறுப்பினரை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை.

ஒற்றை நிறமாக வாக்களிக்கும் கூட்டம் என்ற கற்பனையும் நீடிக்கவில்லை. புலம்பெயர்ந்தவர்களை வரவேற்ற ஊரின் முற்போக்காளர்கள், 2023 ஜூனில் அதே நகர மன்றம் நகரச் சொத்துகளில் பால்புதுமையினரின் வானவில் கொடி பறக்கத் தடை விதித்தபோது அதிர்ந்துபோனார்கள். 2024-ல் மேயர் காலிப் டொனால்டு டிரம்ப்புக்கு ஆதரவு அறிவித்தார், யேமனியர் வருகைக்குத் தடை போட்டது டிரம்ப்பின் முதல் ஆட்சிதான் என்பது ஊரில் எல்லாருக்கும் நினைவிருந்தும். யேமனியருக்கும் வங்காளியருக்கும் இடையே பதவிகளுக்கான போட்டி தனிக் கதை. இன விகிதத்தை வைத்து அரசியலைக் கணிப்பவர்கள் இந்த ஊரில் அடிக்கடி தோற்றிருக்கிறார்கள்.

கட்டங்களும் மாறப்போகின்றன. 2024 மார்ச்சில் அமெரிக்க மத்திய அரசு இன வகைப்பாட்டைத் திருத்தியது. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று ஒரு புதுப் பிரிவு, ஹிஸ்பானிக் என்பதும் தனிக் கேள்வியாக இல்லாமல் அதே வரிசையில். அப்படியே நடைமுறைக்கு வந்தால் 2030 சென்சஸில் ஹாம்ட்ராமிக்கின் வெள்ளையர் விகிதம் சரேலென்று சரியும். ஒரு குடும்பம்கூட ஊரைவிட்டுப் போயிருக்காது. யேமனியர் புதுக் கட்டத்துக்குப் போவார்கள், போஸ்னிய, அல்பேனிய முஸ்லிம்கள் போலந்துக்காரர்களோடு வெள்ளையராகவே தொடர்வார்கள். ‘பத்தே வருடத்தில் வெள்ளையர்கள் வெளியேறிய ஊர்’ என்று அப்போது யாராவது எழுதாமல் இருக்க மாட்டார்கள்.

புதுக் கட்டத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. வாக்களிப்பு உரிமைச் சட்டத்தில் 203-வது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு மொழிச் சிறுபான்மையில், ஆங்கிலம் சரியாக வராத வாக்குரிமை வயதுக் குடிமக்கள் 10,000 பேரைத் தாண்டினாலோ மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினாலோ, அவர்களின் கல்வியறிவு நிலையையும் பார்த்து, அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு தர வேண்டும் என்கிறது அது. 2011-ல் சென்சஸ் துறை வெளியிட்ட பட்டியலில் ஹாம்ட்ராமிக் இடம்பெற்றது, இங்கே வாக்குச்சீட்டு வங்காளியிலும் வந்தது. அரபியில் வரவில்லை. காரணம் எண்ணிக்கை அல்ல. அந்தப் பிரிவு 1975-ல் எழுதப்பட்டபோது மொழிச் சிறுபான்மை என்று நான்கு கூட்டங்களை மட்டும் குறித்தது: அமெரிக்கப் பூர்வகுடிகள், அலாஸ்கா பூர்வகுடிகள், ஆசிய அமெரிக்கர்கள், ஸ்பானிய மரபினர். வங்காளி பேசுபவர் ஆசியர் என்பதால் உள்ளே. பக்கத்து வீட்டில் அரபு பேசுபவர் வெள்ளையர் என்பதால் வெளியே.

சென்சஸ் படிவத்தில் புதுக் கட்டம் சேர்வதால் இந்தச் சட்டம் தானாக மாறாது. அந்த நான்கு என்ற பட்டியலை நாடாளுமன்றம்தான் திருத்த முடியும். அதுவரை அரபி வாக்குச்சீட்டு அந்தந்த ஊரின் விருப்பம். பக்கத்தில் இருக்கும் டியர்பார்ன் நகர மன்றம் 2022-ல் அதைத் தானாகவே தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தது.